விழுந்தெழுந்த பின்

"ஒன்றுமில்லை மாஸ்டர், கால் இடறிவிட்டது!"

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் கல்லூரிக் கந்தோர் லிகிதர், இரு கைகளிலும் பதிவேடுகளைச் சுமந்து மாடிப்படியில் இறங்குகையில் சறுக்கி விழுந்தார். கன்னப்பொறி படி விளிம்பில் மோதிற்று. குருதி சிந்தவில்லை. கணநேரம் மயங்கிக் கிடந்தவர் எழுந்து, தேநீர் அருந்திக் கடமையிலும் அமர்ந்தார். நாமும் நகைத்தவாறே கலைந்தோம்.

இரண்டு மணி நேரங்கழித்து மேசைமீது தலைசாய்த்துக் கிடந்தார். "களைப்பு, சற்றே உறங்கட்டும்" என்றேன் நான். முதிய காவலாளி மட்டும் அதற்கு இசையவில்லை. அவரே தட்டியெழுப்பினார்; பேச்சுக் குழறிற்று. உடனே வாகனம் பிடித்தோம்.

என் சொற்கள் எத்துணை அபாயமானவை என்பதை வைத்தியர் பின்னரே விளக்கினார். கன்னப்பொறியில் மண்டையோடு மிக மெல்லியது. அதன் உட்புறத்தே ஒரு நாடி ஓடுகின்றது. என்பு வெடித்து நாடி கிழியின், மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே குருதி தேங்கும். மண்டையோடு விரிந்து கொடாது. ஆதலின் மூளையே நசுங்கும். இடையில் தோன்றும் தெளிவு, குருதி பெருகுதற்கு எடுக்கும் நேரமேயன்றிச் சுகத்தின் அடையாளமன்று. முதியோருக்கும், குருதி உறையாதிருக்க மருந்துண்போருக்கும் வேறொரு வகைக் கசிவு வாரங்கள் கழிந்தும் வெளிப்படலாம். வளரும் தலைவலி, மீண்டும் மீண்டும் வாந்தி, மிகுதுயில், குழறும் பேச்சு, ஒரு கண்மணி மட்டும் விரிதல், ஒருபக்கக் கை கால் தளர்தல் - இவற்றுள் ஒன்று காணினும் வைத்தியசாலையே புகலிடம்.

மண்டையைத் திறவாமலே உள்ளே தேங்கிய குருதியைக் காணும் சீ. ரீ. ஸ்கேன் முறையால் லண்டனில் முதல் நோயாளி பரிசோதிக்கப்பட்டது 1971இல். அதனை ஆக்கிய ஹவுன்ஸ்பீல்டுக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் லிகிதர் பிழைத்ததும் அதனாலேயே. அன்றிரவே சத்திரசிகிச்சை நடந்தது.

பின்னர் அப்படிகளை அளந்து பார்த்தேன். படியின் உயரத்தை இரட்டித்து மிதியின் அகலத்தோடு கூட்டினால் மனிதனின் ஓரடி நடைக்குச் சமமாதல் வேண்டுமெனப் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் புளொண்டல் பதினேழாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். எங்கள் படிகள் அக்கணக்கிற்கு இசைந்தவையே, கடைசிப் படி நீங்கலாக. கீழ்த்தளத்திற்குப் புதிதாகச் சீமெந்து இட்டபோது அதன் உயரம் இரண்டு அங்குலம் குறைந்துவிட்டது. முதலிரு படிகளிற் பழகிய கால், ஏனையவற்றையும் அவ்வாறே எண்ணி இறங்கும், கண் பார்ப்பதில்லை. கண்ணையோ பதிவேடுகள் மறைத்திருந்தன!

லிகிதர் மீண்டும் வேலைக்கு வருகிறார். மனக்கணக்கில் மன்னராயிருந்தவர், இன்று நான்கு தொகைகளைக் கூட்டுதற்கும் தாள் தேடுகிறார். கடைசிப் படி சென்ற மாதந்தான் திருத்தப்பட்டது.