மெயில் சேவை மாறினால் முகவரியும் மாறுமா?

மத்திய அரசு ஊழியர்கள் உட்பட சுமார் 12 லட்சம் பேரின் மெயில், சென்னையைச் சேர்ந்த ஸோஹோவின் தளத்துக்கு மாறியிருக்கிறது. முகவரி மட்டும் மாறவில்லை. எப்படி?

‘@’ குறிக்குப் பின்னால் வரும் டொமைன் பெயர் அரசிடமே இருக்கிறது. அதற்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போகணும் என்று சொல்வது ‘எம்எக்ஸ் ரெக்கார்டு’. அதைத் திருத்தினால் மெயில் புது சர்வருக்கு வரும்.

அமராவதி நகரோ திருப்பூரோ, பனியன் கம்பெனி ஆபீசுக்கும் இதே கணக்குதான். ஜிமெயில்.காம் என முடியும் முகவரியை வேறு சேவைக்குக் கொண்டுபோக முடியாது. ஒவ்வொரு பையருக்கும் புது முகவரி சொல்லணும். ‘மெயில் ஐடி மாறிடுச்சு, பணத்தை இந்த அக்கவுண்ட்டுக்கு அனுப்புங்க’ என்று மோசடிக்காரர் நுழைய வசதியான நேரமும் அதுதான்.

டொமைனை கம்பெனி பெயரிலேயே வாங்குங்க. செட்டப் செய்து தருபவர் பெயரில் வேண்டாம். மாறும் முன் பழைய மெயில்களை நகலெடுங்க. பழைய கணக்கை உடனே மூடாதீங்க. திருத்தம் எல்லா இடத்துக்கும் பரவ நேரமாகும்.