உங்களுக்குத் தெரியுமா? நட்சத்திரப் படத்துக்குக் குவியமே பிரதானம்

அண்ணனூர் போன்ற புறநகர்களில் தெருவிளக்குகளின் பிரகாசம் ஆகாயத்தையே வெளுக்கச் செய்துவிடுகிறபடியால், தை மாத முன்னிரவில் உச்சிக்குச் சமீபமாக வந்து நிற்கும் ஓரையன் நெபுலாவைப் படம்பிடிக்க விரும்புவோர், லென்ஸிலுள்ள முடிவிலிக் குறியை நம்பிவிடாமல், பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைக் காமிராத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகச் சுருங்கும் வரை வளையத்தை மெல்லத் திருப்பி, ஐஎஸ்ஓ 800 அல்லது 1600இல், பூமியின் சுழற்சியால் புள்ளிகள் கோடாக இழுபடாதபடி, 50 மி.மீ. லென்ஸானால் சுமார் 5 விநாடிப் படங்களாகப் பல எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதே உசிதம். இரவு குளிரக் குளிரக் குவியம் நகர்ந்துவிடும். இடையிடையே சரிபார்த்தல் அவசியம்.

ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியால் இத்தகைய பொறுமையுடன் வானைப் படமெடுத்து ஆராய்ந்த ஆர். ராஜமோகன் 1988இல் கண்டறிந்த சிறுகோளே, இன்று ‘4130 ராமானுஜன்’ என்னும் நாமத்துடன் சூரியனைச் சுற்றி வருகிறது.