வயலில் பிறந்த பாட்டு

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரியும் நம்மவரிடம், பதிவு எத்துணைத் துல்லியமோ அத்துணைச் சிறப்பு என்னும் கருத்து வேரூன்றியுள்ளது. நாட்டுப்பாடலைப் பொறுத்தவரை நாம் அதனை ஒப்புவதற்கில்லை.

மதுரை விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம்பதியர் ஊர் ஊராகச் சென்று நாட்டுப்பாடல்களைத் திரட்டியவர்கள். திரட்டியவற்றை இருவருமாகவே மேடையில் பாடியவர்கள். அம்மையார் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார்; 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இத்தகைய தேடல் ஏன் வேண்டியதாயிற்று? ஏற்றப்பாட்டு, இறைத்த சால்களை எண்ணிக்கொண்டே செல்வது. நடவுப்பாட்டில் ஒருத்தி முன்னெடுக்க, மற்றவர் பின்பாடுவர். கைகளும் ஒன்றாய் இயங்கும். பம்புசெட்டு வந்தது, ஏற்றம் போயிற்று, எண்ணுவதற்குச் சாலும் இல்லை. பாடலோ கிழவர் சிலரின் நினைவில் ஒதுங்கிற்று. அவர்களை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துவந்தால் பாதிப் பாட்டு மறந்துபோகும்! திண்ணையிலேயே பதியவேண்டும், கோழி கூவினால் கூவட்டும்.

மேனாட்டாரும் இதனை அறிந்துள்ளனர். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், வீட்டில் கேசட் கருவியில் பதிந்த பாடல்களை வாத்தியக் குழுவுடன் மீண்டும் பாடிப் பார்த்தார்; நிறைவு தோன்றவில்லை. வீட்டுப் பதிவையே 1982-இல் ‘நெப்ராஸ்கா’ என வெளியிட்டார்.

பொங்கலுக்கு ஊர் செல்லும் நேயர்கள் கையிலுள்ள தொலைபேசியே போதுமானது. பாட்டிக்கு அருகில் அதனை வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடாதீர். எந்த வேலைக்குப் பாடியது, யாரிடம் கற்றது என்பவற்றையும் அவர் குரலிலேயே பதிந்துகொள்ளுங்கள்.