இருட்டுக்கடையும் கோதுமைப்பாலும்

திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, ஆனித் திருவிழாவின்போது பெருந்தேர் அசைந்து வரும் கீழ ரத வீதியிலே, பகட்டான அலங்காரம் எதுவும் இல்லாமல், பகல் முழுவதும் அடைத்துக் கிடந்து, மாலை ஐந்து மணிக்குமேல் கதவு திறந்து, அன்றைக்கு வைத்த சரக்குத் தீர்ந்ததும் சாத்திவிடுகிற ஒரு சிறிய கடையின் கீர்த்தி தமிழ்நாட்டு எல்லையையும் கடந்து பரவியிருக்கிறது என்றால், அதற்குக் காரணமான பதார்த்தம் எத்தகையது என்று ஆராய்ந்து பார்ப்பது வீண் காரியம் ஆகாது. முற்காலத்தில் ஒற்றை விளக்கின் மங்கிய ஒளியில் வியாபாரம் நடந்தபடியால் ஜனங்களே அதற்கு இருட்டுக்கடை என்று பெயர் வைத்தார்கள். வீதியெங்கும் மின்விளக்குகள் பெருகிய பின்னும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கடை இவ்வளவு குறுகிய நேரமே திறந்திருப்பதை வியாபார சாமர்த்தியம் என்று சொல்வோர் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் அல்வாவின் சுபாவத்தை அறிந்தவர்கள், கிண்டியதைச் சூடு ஆறுவதற்குள் விற்றுத் தீர்க்கும் வழக்கத்துக்கு வேறொரு நியாயமும் இருப்பதைக் காண்பார்கள். அந்த நியாயம் கோதுமை மணிக்குள்ளே இருக்கிறது.

தாமிரபரணிக் கரையில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளையும், கோதுமை விளையாது. நெல்லையே பிரதானமாகக் கொண்ட ஒரு சீமை, வெளியிலிருந்து வர வேண்டிய தானியத்தால் செய்த தித்திப்பினால் பேர் பெற்றது விசித்திரந்தான். வடநாட்டிலிருந்து வந்த ராஜபுத்திர வம்சத்தார் இந்தக் கைத்தொழிலைக் கொண்டுவந்தார்கள் என்பதும், அவர்களைச் சொக்கம்பட்டி ஜமீன்தார் அழைத்து வந்தார் என்பதும் ஊரில் வழங்கும் வரலாறு. அல்வா என்ற பெயரோ அரபு நாட்டிலிருந்து புறப்பட்டு, துருக்கியில் எள்ளோடும், வட இந்தியாவில் ரவையோடும் காரட்டோடும் சேர்ந்து, போகுமிடமெல்லாம் வேறு வேறு உருவம் கொண்டது. பம்பாய் அல்வா என்று கடைகளில் விற்கும் ரப்பர் போன்ற துண்டங்கள் உலர்ந்த மக்காச்சோள மாவினால் ஆகின்றன. திருநெல்வேலி அல்வாவின் விசேஷம், அதில் மாவே கிடையாது என்பதுதான். ஊறிய கோதுமையைப் பிழிந்தெடுத்த பாலே அதன் மூலப்பொருள்.

செந்நிறமும் நீண்ட மணியும் உடைய சம்பா கோதுமையை இரவெல்லாம் ஊறவைத்து, நீர் தெளித்துத் தெளித்து அரைத்து, துணியிலோ சல்லடையிலோ இட்டுப் பாலைப் பிழிவார்கள். சக்கையை மறுபடியும் நீர்விட்டு அரைத்து, இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் எடுப்பார்கள். கோதுமையின் புரதமாகிய குளூட்டன் நீர் பட்டதும் ஒன்றோடொன்று பிணைந்து பசைபோல் ஆகிவிடும் இயல்புடையது. ஆதலால் அதன் பெரும்பகுதி தவிட்டோடு துணியிலேயே தங்கிவிட, பாலில் இறங்குவது பெரும்பாலும் மாச்சத்துதான். சப்பாத்திக்கு உயிர்நாடியான வஸ்து அல்வாவுக்கு வேண்டாத வஸ்துவாகிறது. பிழிந்த பாலை அசையாமல் வைத்துவிட்டால், மாச்சத்து அடியில் வெண்ணிறமாகப் படிந்து, மேலே மஞ்சள் பாய்ந்த தெளிநீர் நிற்கும். அந்த நீரை இறுத்துவிட்டு, மண்டியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். இதற்குள் பால் இலேசாகப் புளித்திருக்கும். அந்தப் புளிப்பைத் தயிரை உண்டாக்கும் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன. அதன் பயனைச் சற்றுப் பின்னால் காண்போம்.

மாச்சத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் அது சிறு சிறு மணிகளாகத் தெரியும். கோதுமையில் பெரிய மணி ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இருக்கும். குளிர்ந்த நீரில் இவை கரைவதில்லை. வெப்பம் ஏறத்தாழ 60 டிகிரியை எட்டும்போது, மணிகளுக்குள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்த சர்க்கரைச் சங்கிலிகளின் கட்டுத் தளர்ந்து, நீர் உள்ளே புகுந்து, ஒவ்வொரு மணியும் பன்மடங்கு பருத்து, அமைலோஸ் என்னும் நேரான சங்கிலிகள் வெளியே கசிகின்றன. பால்போல் ஓடிய திரவம் கண்ணெதிரே கூழாகி, பிறகு ஒளி ஊடுருவும் களியாவது இதனாலேதான். அல்வாவைத் தூக்கிப் பிடித்தால் விளக்கொளி ஊடே தெரிகிறதே, அந்தப் பளிங்குத் தன்மையும் இங்கேயே பிறக்கிறது.

சர்க்கரையைச் சேர்க்கும் விஷயத்தில் கைகாரர்களிடையே இரண்டு சம்பிரதாயங்கள் உண்டு: பாலை முதலில் வேகவைத்துப் பின்னர்ச் சர்க்கரை இடுவது ஒன்று, கொதிக்கும் பாகிலேயே பாலை ஊற்றுவது மற்றொன்று. சர்க்கரை தண்ணீரைத் தன்னிடம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுமாதலால், பாகுக்குள் விழுந்த மாச்சத்து வேகுவதற்கு அதிகச் சூடு வேண்டியிருக்கிறது. இரண்டாவது முறையில் பொறுமை கூடுதலாகத் தேவை. எந்த முறையானாலும் கோதுமையைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் சர்க்கரை செல்கிறது. அவ்வளவு சர்க்கரையும் ஆறிய பிறகு கற்கண்டுபோல் பூத்துப் போகாமல் இருப்பது எப்படி என்றால், பாலின் இலேசான புளிப்பு நெடுநேரக் கொதிப்பில் சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இரண்டாக உடைக்கிறது. இவை கலந்த பாகு எளிதில் படிகமாவதில்லை. சீனியைத் தனியே கருக்கிச் சேர்ப்பதனாலும், இந்த உடைந்த சர்க்கரைகள் சூட்டில் சிவப்பதனாலும் அல்வாவுக்கு அந்தச் செம்பழுப்பு நிறம் வருகிறது. நல்ல கைகாரர் வேறு சாயத்தை நாடுவதில்லை.

இனி நெய். கிண்டக் கிண்டக் கரண்டி கரண்டியாக ஊற்றும் நெய்யை, மணல் நீரைக் குடிப்பதுபோல் அல்வா குடித்துக்கொண்டே போகும். துடுப்பின் வேகம் நெய்யைச் சின்னஞ்சிறு துளிகளாகச் சிதறடிக்க, மாச்சத்தின் களி அவற்றைத் தன் வலைக்குள் அடக்கிக்கொள்கிறது. நேரம் ஆக ஆக நீர் ஆவியாகிப் பாகு இறுகுகிறது. இறுகிய பாகு தண்ணீரைப்போல் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 110 டிகிரியைக்கூடத் தாண்டும். அப்போது களி சுருங்கி, இனித் தாங்காது என்ற அளவில், குடித்த நெய்யை வெளியே விடத் தொடங்கும். சட்டியில் ஒட்டாமல் பந்தாகத் திரண்டு, ஓரமெல்லாம் நெய் கக்கும் அந்தக் கணமே பதம். அதற்கு முன் இறக்கினால் பிசுபிசுக்கும். பின் இறக்கினால் பல்லுக்கு வேலை வைக்கும். இந்தக் கணத்தைக் கைகாரர்கள் வெப்பமானி கொண்டு அறிவதில்லை. துடுப்பைப் பிடித்த கை கனத்தினால் அறிகிறது.

இவ்வூர் அல்வாவின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீரே காரணம் என்று ஊரார் சத்தியம் செய்வார்கள். பொதிகையில் பிறந்து வற்றாது ஓடும் ஆற்றைப் பற்றி அவர்கள் கொள்ளும் பெருமிதத்தில் குறுக்கிட எனக்கு மனமில்லை. ஊறவைப்பதிலும் புளிக்கவைப்பதிலும் அந்த நீர் பங்குபெறுகிறது என்பதும் மெய்யே. ஆனால் சட்டியில் ஏறிய நீரின் பெரும்பகுதி ஆவியாகிப் போகிறபடியால், நான் மணிக்கணக்கில் துடுப்பை விடாத தோளுக்கே கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். அருகிலேயே தூத்துக்குடி மாவட்டத்து முதலூரில் இதே கோதுமைப்பாலை நெய்க்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலோடு கிண்டி மஸ்கோத் அல்வா ஆக்குகிறார்கள். தேங்காய்ப்பாலின் எண்ணெயே அங்கே நெய்யின் வேலையைச் செய்துவிடுகிறது. அதுவும் தன்னளவில் கீர்த்தி வாய்ந்ததே.

மாலையானதும் இருட்டுக்கடையின் முன் கூடும் வரிசையில், கோயிலுக்கு வந்த வெளியூர்க் குடும்பத்தார், சென்னைக்கு ரயில் ஏறவிருப்பவர்கள், கல்யாணத்துக்கு ஊர் வந்த மருமகன், வேலை முடிந்து வீடு திரும்பும் உள்ளூர்க்காரர் என்று பல திறத்தாரும் நிற்பார்கள். கிலோக் கணக்கில் கட்டி வாங்குவோரின் இடையே, கொஞ்சமாக வாங்கிச் சுடச்சுட அங்கேயே நின்று தின்றுவிட்டு, கையில் வழிந்த நெய்யைத் துடைத்தபடி நடையைக் கட்டுபவரும் உண்டு. தித்திப்பு திகட்டாமலிருக்கக் கொஞ்சம் காராச்சேவையோ மிக்சரையோ வாயில் போட்டுக்கொள்வது இவ்வூர்ப் பழக்கம். ஊரைவிட்டுப் போய் எங்கெங்கோ உத்தியோகம் பார்க்கும் நெல்லைக்காரர், விடுமுறை முடிந்து திரும்பும்போது அல்வாப் பொட்டலமில்லாமல் அலுவலகத்துக்குள் நுழைந்தால், சகாக்கள் மன்னிப்பதில்லை. தீபாவளியை ஒட்டிய நாட்களில் வரிசை நீளும்போது, முன்பின் தெரியாதவர்களிடையே பிறக்கும் சம்பாஷணை கிட்டத்தட்ட எப்போதும் ஒரே விஷயத்தைப் பற்றியது: நம் முறை வருவதற்குள் சரக்குத் தீர்ந்துவிடுமோ என்பதே அது.

அல்வா சர்க்கரை மிகுந்த பண்டமாதலால், நுண்ணுயிர்கள் வளர்வதற்குப் போதிய நீர் அதில் தனித்துக் கிடப்பதில்லை. ஆகவே சில நாட்கள் வெளியில் இருந்தாலும் கெடுவதில்லை. கெடாமலிருப்பது வேறு, புதிதாயிருப்பது வேறு. சூடு தணிந்ததுமே, களியில் அவிழ்ந்து கிடந்த சங்கிலிகள் பழைய ஒழுங்கை நாடி ஒன்றோடொன்று சேரத் தொடங்குகின்றன. பளிங்கு மங்கும், மென்மை குறையும், நெய்யும் உறைந்து வெண்படலமாகத் தெரியும். நேற்றைய இட்லி விறைத்துப் போவதும் இந்தக் காரணத்தாலேதான். கடைக்காரர் வைத்த சரக்கை அன்றைய மாலையிலேயே தீர்த்துக் கதவைச் சாத்துவதில் இருக்கும் நியாயம் இதுவே. இந்த மாற்றம் குளிர்ச்சாதனப் பெட்டியின் குளிரில் மிக விரைந்து நடைபெறுமாதலால், வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் பொட்டலத்தை அதற்குள் வைக்காமலிருப்பதே நலம். ஏற்கெனவே வைத்து இறுகிப் போயிருந்தால், வேண்டிய அளவை ஒரு கிண்ணத்தில் எடுத்து, கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் சிறிது நேரம் இருத்தினால், 60 டிகிரிக்குமேல் சூடேறியதும் சேர்ந்த சங்கிலிகள் மறுபடி பிரிந்து, நெய் உருகி, அல்வா பெரிதும் பழைய பதத்துக்கு வந்துவிடும்.