கடல் கடந்து போனவளும் லயத்தில் நின்றவரும்

ஹட்டனுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டம். மாதர் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வந்தேன். பாதையோரத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தும் குடையை மடக்கியே வைத்திருந்தார். என்னுடன் வந்த பெண்கள் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு விலகி நடந்தார்கள்.

"மிஸ், ஒரு கடுதாசி எழுதித் தரணும்" என்றார்.

"என்ன கடிதம் அண்ணே?"

"எம் பொண்டாட்டி உசிரோட இருக்காளா இல்லையான்னு கேட்டு."

அவரது அடையாளம் வெளியே தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியே இங்கு எழுதுகிறேன். அவருடைய மனைவி 2014ஆம் ஆண்டு வீட்டு வேலைக்காக மத்திய கிழக்கு நாடொன்றுக்குப் போனார். முதல் இரண்டு வருடங்கள் வெள்ளிக்கிழமை தோறும் பேசினார், பணமும் வந்தது. ஒப்பந்தம் முடிந்தபின் வேறு வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். 2017 தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் பிள்ளைகளுடன் பேசியதுதான் கடைசி. அதன்பின் அழைப்பு இல்லை, பணம் இல்லை, ஆளும் இல்லை.

அவருடைய துயரம் அத்துடன் முடிந்திருந்தால் லயமே அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கும். ஆனால் சில மாதங்களில், ஹட்டன் பஸ் நிலையத்தில் அந்தப் பெண்ணைப் பெட்டியுடன் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். "வந்தவள் எங்கே?" என்ற கேள்வி பிறந்தது. மனைவியின் அண்ணன் பொலிஸில் முறைப்பாடு செய்தார். உறவினர்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த கோழிக்கூட்டை அகற்றி நிலத்தைக் கிண்டிப் பார்த்தார்கள். பாடசாலையில் ஒரு பிள்ளை அவருடைய மகளிடம், "ஒங்கப்பாதான் ஒங்கம்மாவ கொன்னுட்டாராமே" என்று கேட்டது. அடுத்த நாள் முதல் மகள் பாடசாலைக்குப் போகவில்லை.

குடிவரவு குடியகல்வுப் பதிவுகளைப் பார்த்தபோது, அந்தப் பெண் நாட்டைவிட்டுப் போனதற்குப் பதிவு இருந்தது. திரும்பி வந்ததற்கு இல்லை. பொலிஸ் விசாரணை அத்துடன் நின்றது. ஆனால் பொலிஸார் லயத்துக்கு வந்து "இவர் மீது குற்றமில்லை" என்று யாரிடமும் சொல்லவில்லை. சந்தேகத்தை ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொல்லலாம். அது தீர்ந்ததை மட்டும் ஒரு கோப்புக்குள் மூடிவிடலாம் போலும்.

நானும் சந்தேகப்பட்டேன்

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவருடைய கதையைக் கேட்டபோது நானும் அவரை நம்பவில்லை. அவர் குடிப்பவராக இருந்தவர். மனைவியை அடித்திருக்கிறார். அவள் அனுப்பிய பணத்தில் ஒரு பகுதி தவறணைக்குப் போயிருக்கிறது. இதையெல்லாம் அவரே சொன்னார். பெண்கள் மீதான வன்முறை பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியவள் நான். "அடித்தவன் எதையும் செய்வான்" என்றே மனம் சொன்னது.

பின்புதான் யோசித்தேன். அவர் மனைவியை அடித்தது உண்மை, அது குற்றம், அதற்கு அவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குற்றத்தைக் கொண்டு இன்னொரு குற்றத்தை நிரூபிக்க முடியாது. அதைவிட முக்கியமானது வேறொன்று. எல்லோரும் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தபோது, கடலுக்கு அப்பால் அந்தப் பெண்ணை யாரும் தேடவில்லை. அனுப்பிய ஏஜன்சியிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை. முதலில் வேலை செய்த வீட்டின் விலாசத்தைக் கூட யாரும் வாங்கவில்லை. சந்தேகத்தால் அதிகம் பாதிக்கப்பட்டவள் காணாமற்போன அந்தப் பெண்தான்.

இங்கிலாந்தில் 1926 டிசம்பர் 3ஆம் திகதி இரவு, துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற அகதா கிறிஸ்டி காணாமற்போனார். அவருடைய கார் வழியில் கைவிடப்பட்டுக் கிடந்தது. கணவர் ஆர்ச்சி வேறொரு பெண்ணை விரும்பி விவாகரத்துக் கேட்டிருந்தார். எனவே கொன்றவர் அவர்தான் என்று ஊர் பேசியது. பதினொரு நாட்களின் பின் அகதா கிறிஸ்டி, ஹரகேட் என்னும் ஊரில் ஒரு ஹோட்டலில் வேறு பெயரில் தங்கியிருந்தது தெரிந்தது. ஆர்ச்சி நல்ல கணவர் அல்லர். ஆனால் கொலைகாரரும் அல்லர். அவருக்குப் பதினொரு நாட்களில் விடை கிடைத்தது. நம் லயத்து மனிதருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

சந்தியாவிடம் சொன்ன பொய்

மனைவி காணாமற்போனால் கணவன் மீது சந்தேகம். கணவன் காணாமற்போனால் மனைவி என்ன கேட்க வேண்டியிருக்கும்? சந்தியா எக்னெலிகொடவின் கதை நம் நாடே அறிந்தது. அவருடைய கணவர், பத்திரிகையாளரும் கேலிச்சித்திரக் கலைஞருமான பிரகீத் எக்னெலிகொட, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரு நாட்களுக்கு முன், 2010 ஜனவரி 24ஆம் திகதி காணாமற்போனார். பொலிஸுக்குப் போன சந்தியாவின் முறைப்பாட்டை ஆரம்பத்தில் யாரும் பாரதூரமாக எடுக்கவில்லை. விளம்பரத்துக்காக ஆடும் நாடகம் என்றார்கள்.

2011 நவம்பரில் ஜெனீவாவில், ஐக்கிய நாடுகளின் சித்திரவதைக்கு எதிரான குழுவின் முன்னால், அரசின் சார்பில் பேசிய மொஹான் பீரிஸ், பிரகீத் வெளிநாடொன்றில் தஞ்சம் புகுந்திருப்பதாகத் தகவல் உண்டு என்றார். 2012 ஜூனில் ஹோமாகம நீதிமன்றத்தில் கேட்டபோது, அவர் உயிருடன் இருக்கிறாரா என்பது தமக்குத் தெரியாது என்றார். இடைப்பட்ட மாதங்களில் அந்த மனைவியின் நிலையை எண்ணிப் பாருங்கள். கணவர் வெளிநாட்டில் சுகமாக இருக்க, இவள் நாடகமாடுகிறாள் என்பதுதானே அதன் பொருள்!

சந்தியா பின்வாங்கவில்லை. நீதிமன்ற வளவில் அவரை மிரட்டியதற்காக 2018இல் ஞானசார தேரருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இராணுவப் புலனாய்வைச் சேர்ந்தவர்கள் மீது வழக்கும் தொடரப்பட்டது. 2022 ஜனவரியில் சந்தியா கொழும்பு முகத்துவாரம் காளியம்மன் கோயிலில் தலையை மொட்டையடித்து நீதி கேட்டார். சிங்களத் தாய் ஒருத்தி நம் காளியம்மாவிடம் முறையிட்ட அந்தக் காட்சி, நம் பெண்கள் பலரை அழவைத்தது.

ஏன் சத்தமில்லாமல் போகிறார்கள்?

வெளிநாட்டில் ஒரு பணிப்பெண்ணின் தொடர்பு அறுந்துபோகப் பல காரணங்கள் உண்டு. வளைகுடா நாடுகளில் நிலவிய 'கபாலா' முறையில் அவளுடைய வீசா வீட்டு எஜமானின் பெயரோடு கட்டப்பட்டது. கொடுமை தாங்காமல் வீட்டைவிட்டு வெளியேறினால் 'ஓடிப்போனவள்' என்று முறைப்பாடு விழும். அந்த நிமிடமே அவள் சட்டவிரோதமாகத் தங்கியவள் ஆகிவிடுகிறாள். பிடிபடும் பயத்தில் ஒளிந்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள். கைபேசியைப் பறித்து வைக்கும் வீடுகள் இருக்கின்றன. நோயிலும் விபத்திலும் இறந்தவர்களும் உண்டு.

இன்னொன்று பெயர். தோட்டத்தில் கூப்பிடும் பெயர் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று, கடவுச்சீட்டில் எழுத்து மாறி ஒன்று. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 1988இல் பிறந்தவர். 1982இல் பிறந்ததாகக் காட்டும் கடவுச்சீட்டுடன் 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்டார். 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பொய்யான ஒரு திகதி எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இயல்பாகச் செய்தி அறிந்திருக்க வேண்டியவர்கள் சட்டம் குறிப்பிடும் காலம்வரை ஒருவரைப் பற்றி எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் இறந்துவிட்டார் என்று நீதிமன்றம் அனுமானிக்க நம் சான்றுக் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. எப்படி இறந்தார், யார் காரணம் என்பதை அந்த அனுமானம் சொல்வதில்லை. காணாமற்போனவர்களுக்காக 2016இல் 'இன்மைச் சான்றிதழ்' கொண்டுவரப்பட்டது. ஆனால் அது யுத்தத்தையும் அரசியல் குழப்பங்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. வீட்டு வேலைக்குப் போய்த் தொடர்பற்றவளை நினைத்து அல்ல.

எனவே, சகோதரிகளே, உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் புறப்படும்போதே இவற்றைச் செய்து வையுங்கள்:

கடவுச்சீட்டு, வீசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதிகளை வீட்டில் வையுங்கள். ஏஜன்சியின் பெயரையும் அனுமதிப்பத்திர இலக்கத்தையும், எஜமானின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வையுங்கள். வீடு மாறினால் புதிய விபரத்தை உடனே கேட்டு வாங்குங்கள்.

தொடர்பு அறுந்தால் வருடக்கணக்கில் காத்திருக்காதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். 1989 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கும் எழுதுங்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடை இல்லாத வீடு

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பைப் பற்றி அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் எழுதியதை வாசித்தேன். பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். அதன் பொருள் அந்த லயத்து அறையில்தான் விளங்கியது. அங்கே மனைவியின் படத்துக்கு மாலை போடவும் முடியாது, போடாமல் இருக்கவும் முடியாது. மாமியார் மகளுக்காக விளக்கேற்றுகிறார். மருமகனிடம் மட்டும் பேசுவதில்லை.

நாங்கள் கடிதங்கள் எழுதினோம். பழைய முகவரியில் அப்படி ஒருவர் இப்போது இல்லை என்று ஒரு பதில் வந்தது. அதற்குமேல் இன்றுவரை எதுவும் இல்லை. குடிவரவுப் பதிவு பற்றிய விபரத்தை மட்டும் அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில், அவருடைய சம்மதத்துடன் சொன்னேன். சிலர் தலையசைத்தார்கள். ஒரு பெண் அன்று மாலையே அவருடைய மகளைத் தன் மகளுடன் மாலை வகுப்புக்கு அனுப்பச் சொன்னாள். அது போதாது, ஆனால் அது ஒரு தொடக்கம்.

கொழும்பில் ஒரு கடையில் வேலை கிடைத்தும் அவர் போகவில்லை. "போனா, ஓடிட்டான்னு சொல்லுவாங்க மிஸ்" என்றார். சற்றுப் பொறுத்து, "இந்த போன் நம்பரத்தான் அவளுக்குப் பாடம். அதையும் மாத்த மாட்டேன்" என்றார்.

உங்கள் தோட்டத்திலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். அந்த வாசலைக் கடக்கும்போது "அவன் என்ன செய்தானோ" என்று முணுமுணுக்காமல், "அவளைத் தேட நாங்கள் என்ன செய்தோம்" என்று கேட்போமா?