மோட்டாரை எரிப்பது நமது அவசரமே!

யுத்தம் முடிந்து, 2012 இல் இந்திய வீடமைப்புத் திட்டம் வடக்கில் பெருமளவில் தொடங்கியபோது கிளிநொச்சியில் கொங்கிறீட் மிக்சருக்கு நல்ல கிராக்கி. நானும் கரண்டில் ஓடும் மிக்சர் ஒன்றை வாடகைக்கு விட்டேன். சில மாதங்களில் மோட்டார் எரிந்தது. கொயில் சுற்றிய செலவோடு கிடைத்த இலாபமும் போனது.

காரணம் பின்னர்தான் விளங்கியது. கல்லும் மணலும் நிரம்பிய டிரம்மை நிறுத்திவிட்டு மீண்டும் சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள். மோட்டார் கிளம்பும்போது வழமையைவிட 5, 6 மடங்கு கரண்ட் இழுக்கும். சுமையால் சுழல முடியாமல் நின்றால் அது குறையாது, கொயில் கருகிவிடும்.

எனவே வர்த்தக நண்பர்களே, வெறும் டிரம்மை முதலில் சுழல விடுங்கள். கொஞ்சம் தண்ணீர், பிறகு கல், சீமெந்து, மணல் எனச் சிறிது சிறிதாகப் போடச் சொல்லுங்கள். டிரம் கொள்ளும் அளவு வேறு, கலக்கும் அளவு வேறு. இடையில் கரண்ட் நின்றால் உடனே சுவிட்சை நிறுத்தி, டிரம்மைக் காலியாக்கிய பின்பே மீண்டும் போட வேண்டும். நீண்ட மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கும்; அதுவும் மோட்டாருக்குச் சுமைதான். ஓவர்லோட் சுவிட்ச் ஒன்றும் அவசியம்.

மிக்சரைக் கொடுக்கும்போது ஐந்து நிமிடம் செலவழித்து இதைச் சொல்லிக் கொடுங்கள். நான் சொல்லாமல் விட்டதன் விலை ஒரு மோட்டார்.