ஏற்றத்துக்கு மோட்டார், இறக்கத்துக்கு நிதானம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெலுக் பஹாங் அணைக்கட்டைத் தாண்டி பாலிக் பூலாவ் போகும் மலைச்சாலையில் சைக்கிள் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஏற்றத்தை நினைத்தே பலரும் ஒதுங்கிவிடுவார்கள். இப்போது மின்சைக்கிள் வந்ததும், "நமக்கும் முடியும் போலிருக்கே" என்ற ஆசை ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் வருகிறது. ஆசை நியாயமானதுதான். வாங்குவதற்கு முன் சில கணக்குகளைப் பார்த்துவிடுவோம்.

ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற ஏறக்குறைய 240 வாட் சக்தி தேவை. பயிற்சி இல்லாதவரின் கால்கள் அதில் பாதியைத் தரவே திணறும். மீதிப் பாதியை மோட்டார் தந்தால், பேசிக்கொண்டே ஏறலாம்.

பேட்டரி தாங்குமா? 300 மீட்டர் உயரத்தை முழுக்க மோட்டாரே ஏற்றினாலும், இழப்பையும் சேர்த்து 110 வாட் மணி அளவே செலவாகும். 500 வாட் மணி பேட்டரியில் இது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மிதித்து உதவினால் இன்னும் மிச்சம். ஆனால் ஜார்ஜ்டவுனில் புறப்பட்டு தித்தி கெராவாங் வழியாக பாலிக் பூலாவ் போய், துன் சார்டோன் சாலையில் திரும்பினால் மறுபடியும் ஒரு மலை உண்டு. முதல் ஏற்றத்திலேயே உச்ச உதவியைப் போட்டுத் தீர்த்துவிடாதீர்கள்.

மலைக்கு வண்டி தேடுபவர்கள் மோட்டார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மிதிகட்டை அருகே இருந்தால், அது கியர் வழியாக இழுக்கும். சக்கரத்தின் நடுவில் இருந்தால், நீண்ட செங்குத்து ஏற்றத்தில் மெதுவாகச் சுழன்று சூடேறும்.

உண்மையான ஆபத்து இறக்கத்தில்தான். ஐரோப்பிய தர நிர்ணயப்படி 250 வாட் மோட்டாரின் உதவி மணிக்கு 25 கிலோமீட்டரில் நின்றுவிடும். சரிவுக்கு அந்தக் கட்டுப்பாடு தெரியாது. ஏறும்போது சேர்த்த உயரமெல்லாம் இறங்கும்போது பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. மின்சைக்கிளோ சாதாரண சைக்கிளைவிடக் கனமானது. பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காமல், வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி, வேகம் குறைந்ததும் விடுங்கள். மழை பெய்த சாலையில் ஈர இலை வழுக்கும். டுரியான் காலத்தில் கடையோரம் நிற்கும் கார்களின் கதவு திடீரெனத் திறக்கும்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. மின்ஸ்கூட்டர் போன்ற சிறு வாகனங்களுக்குச் சாலையில் தடை என்று போக்குவரத்து அமைச்சு 2022-இல் அறிவித்தது. கடைக்காரர் 'சைக்கிள்' என்று சொன்னால் மட்டும் போதாது. மிதிக்காமலே ஓடும் வண்டியா, வேகம் எவ்வளவு என்று கேட்டு, சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் உறுதி செய்த பிறகே பணம் கட்டுங்கள்.

அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது கடினம். வாசலை அடைத்து, எல்லாரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள். வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். கீழே விழுந்து அடிபட்ட பேட்டரியைக் கடையில் காட்டுங்கள்.

முதல் நாளே மலைக்குப் போக வேண்டாம். பாலிக் பூலாவ் வயல்வெளிச் சாலைகள் சமதளம். காரில் வண்டியை ஏற்றிப் போய், பிள்ளைகளோடு அங்கே பழகுங்கள். பிரேக் கைக்கு வசப்பட்ட பிறகு, மலை எங்கேயும் போய்விடாது.